பிரேக்கம்மா வீட்டுத் தலைகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் முழிப்பார்கள். பிரேக்கம்மா என்றால்தான், "ஓ, அவங்களா!" என்று முகம் மலரும். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கல்யாணமான புதிதில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவள், மகள் வளர்ந்து படித்து வேலைக்குப் போன பிறகும் அங்கேதான் இருந்தாள். அவளுடைய வலது கால் அந்தப் பிரேக்கின் மேலேயே குடியிருந்தது. வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது படத்தில் யாராவது வண்டியை விரட்டினால்கூட அந்தக் கால் தரையை ஓங்கி மிதிக்கும்.

காலுக்குச் சளைத்ததல்ல வாய். காலையில் வண்டியில் ஏறித் திறந்தால் சாயங்காலம் இறங்கும்போதுதான் மூடும். "கண்ணாடி பாரு, சிக்னல் போடு, கியரை மாத்து, மெல்லத் திருப்பு" என்று நாலையும் ஒரே மூச்சில், ஏறக்குறைய ராகம் போட்டுச் சொல்வாள். கிளட்ச் என்ற சொல் மட்டும் தனி. அதைக் கெஞ்சலாக, மிரட்டலாக, அலறலாக, பெருமூச்சாக, ஒரு நாளைக்கு எத்தனை விதமாகச் சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது. யாராவது சொதப்பினால், "மூளையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்துட்டியாம்மா?" என்பாள். திட்டு வாங்கியவர்களுக்குக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். உண்மையில் வீட்டில் மூளைகளை விட்டுவிட்டு வருகிறவள் அவள்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அது அவள் வீட்டுக்காரரின் கைங்கர்யம். அவர் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்கப் பிளாஸ்டர், மெழுகு, அச்சு, அரம். அந்த வட்டாரத்தில் வயதானவர்கள் பலர் வாய் நிறையச் சிரிப்பதற்கு அவர்தான் காரணம், ஆனால் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். "மீதி மூணையும் நீ பேசிடுற, அப்புறம் எனக்கு எதுக்கு?" என்பார்.

ஒருமுறை ஒரு பழைய தொப்பிக் கடையை மூடும்போது, அங்கிருந்த சாமான்களை வெளியே வைத்து விற்றார்கள். அதில் ஒரு பீங்கான் தலை இருந்தது. வெள்ளை வெளேரென்ற மொட்டைத் தலை. மண்டை முழுக்க, காலி நிலத்தில் மனை பிரித்ததுபோல் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு மனைக்குள்ளும் வேற்று மொழியில் ஏதோ எழுதியிருந்தது. முன்னொரு காலத்தில், மண்டையோட்டின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்தே ஒருவன் நல்லவனா கெட்டவனா, கஞ்சனா தாராளியா என்று சொல்லிவிடலாம் என நன்றாகப் படித்தவர்களே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. அந்தத் தலைகள் மட்டும் அலமாரிக்கு அழகாகத் தங்கிவிட்டன. அவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்து எடுத்து வந்தார்.

"எதுக்குங்க இது?" என்றாள் பிரேக்கம்மா.

"சும்மா, பாக்க நல்லா இருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"இந்தக் குணம் இந்த இடத்துல இருக்குதுன்னு எழுதியிருக்கு. சுத்தப் பொய்ம்மா. ஆனா பொய்யை எவ்வளவு அக்கறையா கோடு போட்டு வச்சிருக்கான் பாரு!"

அவள் கேட்டாள் என்பதற்காக அகராதியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, துண்டுத் தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு மனையிலும் ஒட்டி, நனையாமலிருக்க மேலே வார்னிஷ் பூசினார். காதுக்குப் பின்னால் சண்டைக்குணம். காதுக்கு முன்னால் பசி. காதுக்கு மேலே ரகசியம். பின்மண்டையில் பிள்ளைப்பாசம். உச்சியில் பிடிவாதம், அதற்குச் சற்றுப் பின்னால் தற்பெருமை. நெற்றி ஓரத்தில் நகைச்சுவை. கண்ணுக்குக் கீழே மொழி.

ஒரு தலையோடு அவர் நிற்கவில்லை. மைக்கூடாகச் செய்த குட்டித் தலை ஒன்று வந்தது. கைத்தடியின் பிடியாக இருந்த தலை ஒன்று வந்தது. பிறகு மூளைகள் வரத் தொடங்கின. ஏதோ ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேண்டாம் என்று தள்ளிய பிளாஸ்டர் மூளை, பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டலாம். காகிதக்கூழில் செய்து நரம்புக்கு நீலமும் சிவப்பும் தீட்டியது ஒன்று. மரத்தில் செதுக்கியது ஒன்று. மேஜையில் தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடி மூளை ஒன்று. உடைந்தும் மூக்கு நொறுங்கியும் வந்தவற்றைப் பல் அச்சுக்கு ஊற்றும் பிளாஸ்டரைக் கொண்டே ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி எழுப்பிவிடுவார்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா பிணவறைக்குள்ள வந்த மாதிரி இருக்கு," என்பாள் அவள். ஒருமுறை சமையல்கட்டில் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒரு மூளையைக் கண்டு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். அன்றோடு எல்லாம் முன்னறை அலமாரிக்குள்தான் என்று முடிவானது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை தூசி துடைப்பது யார்? அவர் துடைத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ரசித்துக்கொண்டே இருப்பார், பாதி நாள் போய்விடும். எனவே அதுவும் அவள் தலையில் விழுந்தது. ஈரத் துணியால் ஒவ்வொரு மண்டையாகத் துடைத்து, போகிறபோக்கில் பெரிய தலையின் காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டி, "உங்க தங்கச்சிக்கு இங்கதான் வீங்கியிருக்கு," என்பாள். அவர் சிரித்தும் சிரிக்காமலும் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அவளிடம் கார் ஓட்டப் பழக வந்தவர்களில், அவளுடைய பொறுமையை மிகவும் சோதித்தவள் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு தையல்காரி. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பழைய வேன் ஒன்றை வாங்கிவிட்டு, அதை ஓட்டத் தெரியாமல் வந்தவள். நாற்பதைத் தாண்டியவள். எதிரில் சைக்கிள் வந்தாலே உதட்டைக் கடித்துக்கொள்வாள். முதல் கியரில் கிளப்பி இரண்டாவதுக்கு மாற்றுவாள், அதற்குமேல் அவள் கை போகாது. எவ்வளவு அகலமான சாலையாக இருந்தாலும், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் இரண்டுதான். பிரேக்கம்மா அவளுக்குச் செகண்ட் கியர் என்றே பெயர் வைத்துவிட்டாள். ஓட்டுநர் தேர்வுக்குப் போவதும் தோற்றுத் திரும்புவதுமாக இருந்தாள் செகண்ட் கியர்.

ஒரு காலை, பள்ளிக்கூட வண்டிகளின் நெரிசல் ஓய்ந்த நேரம். இருவரும் வழக்கமான சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் திரும்பு என்று சொல்ல பிரேக்கம்மா வாயெடுத்தாள். சொல்ல வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. திரும்ப வேண்டிய தெருகூடக் கண்ணெதிரே இருந்தது. வாயில் வந்தது வேறு.

"கிளட்ச்," என்றாள்.

செகண்ட் கியர் கிளட்சை மிதித்தாள்.

அது இல்லை என்று சொல்ல நினைத்தாள் பிரேக்கம்மா. "கிளட்ச். கிளட்ச்," என்றுதான் வந்தது. செகண்ட் கியர் பதறிப்போய் மறுபடி மறுபடி மிதித்தாள். வண்டி உறுமியது. பிரேக்கம்மா தன் பிரேக்கை மிதிக்கப் பார்த்தாள். வலது கால் யாரோ அங்கே கழற்றி வைத்துவிட்டுப் போன செருப்பைப்போல் கிடந்தது. மடியிலிருந்த வலது கை நழுவி இருக்கையின் ஓரத்தில் தொங்கியது. வலி எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு விநோதமாக இருந்தது.

செகண்ட் கியர் திரும்பிப் பார்த்தாள். "அக்கா? அக்கா, உங்க வாய் ஒரு பக்கமா இழுக்குதே!"

"கிளட்ச்."

அவ்வளவுதான், செகண்ட் கியருக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய மாமனாருக்கு இப்படித்தான் வந்தது, அன்றைக்குத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். இன்றைக்கும் படுக்கையில் இருக்கிறார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு யாரையாவது கூப்பிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாளாம். அடுத்த கணம் அந்த நினைப்பைத் தூக்கிப் போட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மேம்பாலம் ஏற வேண்டும். இறங்கினால் நாலு பக்கமும் பஸ்ஸும் லாரியும் சுழலும் பெரிய ரவுண்டானா. பயிற்சியில் அந்தப் பக்கமே போகாமல் கெஞ்சித் தப்பித்து வந்தவள் அவள். இப்போது உதட்டைக் கடிக்கவில்லை. மூன்றாவது கியர் விழுந்தது. பாலத்தின் ஏற்றத்தில் நாலாவதும் விழுந்தது. ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. "வழிய விடுங்கய்யா! ஒதுங்குய்யா, உனக்குக் கண்ணு தெரியல?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினாள். பயிற்சி வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' எழுத்தைப் பார்த்து மற்ற வண்டிகள் மிரண்டு விலகின. ரவுண்டானாவில் ஒரு பஸ்ஸின் மூக்கை உரசுவதுபோல் போனபோது, பிரேக்கம்மா உள்ளுக்குள் நினைத்துக்கொண்டது பின்னாளிலும் அவளுக்கு மறக்கவில்லை: பரவாயில்லையே, நல்லாத்தான் ஓட்டுறா.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் மட்டும் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைக்கூட எடுக்காமல் ஓடினாள் செகண்ட் கியர்.

மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக் குழாயில் உறைந்த ரத்தம் அடைத்திருந்தது. கரைக்க ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்த ஊசியால் பயன் இருந்திருக்காது என்றார் டாக்டர். பல் கூடத்திலிருந்து பிளாஸ்டர் அப்பிய கையோடு ஓடி வந்த வீட்டுக்காரரை உட்காரவைத்து, தாளில் மூளையின் படம் வரையத் தொடங்கினார்.

"புரியுதுங்க டாக்டர். வீட்டுல இருக்கு."

"என்ன இருக்கு?"

"மூளை. ஏழெட்டு இருக்கு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நர்சைக் கூப்பிட்டு, "இவருக்கும் பிரஷர் பாருங்க," என்றார். மகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்து விஷயத்தை விளக்கிச் சொல்லும்வரை, அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரிடம் ஒரு மாதிரி ஜாக்கிரதையாகவே பேசினார்கள்.

அன்று வீட்டுக்குப் போய், கழற்றி மாட்டும் அந்தப் பிளாஸ்டர் மூளையை எடுத்து இடப்பாதியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் காட்டிய இடம் அவர் கட்டைவிரலால் மூடிவிடக் கூடியதாக இருந்தது. "இத்துனூண்டு இடம்மா. உன் பேச்சு பூரா இதுக்குள்ளயா இருந்துச்சு?" இதை அவர் பிற்பாடுதான் அவளிடம் சொன்னார், சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கோல் ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. அதாவது, ஒன்று வந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் கிளட்ச். போதும் என்றாலும் கிளட்ச். ஜன்னலைத் திற, அந்தப் புடவை வேண்டாம், நீ சாப்பிட்டாயா, எல்லாம் கிளட்ச்தான். மற்ற சொற்கள் எங்கும் போய்விடவில்லை, உள்ளே முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன என்று அவளுக்குத் தெரியும். வாசலில் இது ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. எழுதிக் காட்டலாம் என்றால் இடக்கை ஒத்துழைக்கவில்லை. படிக்கலாம் என்றால் எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு படப் பலகை கொடுத்திருந்தார்கள். தண்ணீர், சோறு, கழிவறை, வலி, தூக்கம் என்று படங்கள். தொட்டுக் காட்டினால் போதும். நல்ல பலகைதான். ஆனால் மனிதருக்குத் தேவை அவ்வளவுதானா?

ஒரு மத்தியானம் நாத்தனார் பார்க்க வந்தாள். காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல், "அண்ணீ! எப்படி இருக்கீங்க?" என்று கத்தினாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "பாவம், ஒண்ணுமே புரியல போல. இனிமே குழந்தை மாதிரிதான் பாத்துக்கணும்," என்றாள்.

பிரேக்கம்மா படப் பலகையைப் பார்த்தாள். அதில் இதற்குப் படம் இல்லை. கோலை எடுத்தாள். எழுந்தாள். மகள் தாங்கப் போனபோது முழங்கையால் தள்ளினாள். முன்னறை அலமாரிவரை இழுத்து இழுத்துப் போய், பெரிய பீங்கான் தலைமேல் இடக்கையை வைத்தாள். எழுத்தைப் படித்து அல்ல. எத்தனையோ வாரங்கள் ஈரத் துணியால் துடைத்த விரல்களுக்கு எது எங்கே என்று தெரியும். காதுக்குப் பின்னால் போய் டக் டக்கென்று தட்டினாள். சண்டைக்குணம்.

"கிளட்ச்!" என்றாள் நாத்தனாரைப் பார்த்து.

வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மகளுக்குத் தெரியவில்லை. "எல்லாம் புரியுதும்மா அவளுக்கு," என்றார் தங்கையிடம். "நீ சொன்னது உள்பட."

நாத்தனாரைக் குறை சொல்வதற்கில்லை. முகம் சிவந்தாலும் எழுந்து வந்து, "தப்புத்தான் அண்ணி, மன்னிச்சிருங்க," என்று அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அன்றிலிருந்து அவளிடமே பேசினாள், சாதாரணக் குரலில்.

அதன்பிறகு பீங்கான் தலை அலமாரியிலிருந்து இறங்கி அவள் கட்டிலுக்குப் பக்கத்து மேஜைக்கு வந்தது. அந்த வீட்டுக்கென்று ஒரு பாஷை உருவானது. நெற்றி ஓரத்தைத் தொட்டால் சும்மா சொன்னேன் என்று பொருள். பின்மண்டையைத் தடவினால் மகளைக் கூப்பிடு. தற்பெருமையைத் தொட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தால், போதும் உங்க பேச்சு என்று பொருள். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு அந்தத் திட்டு கிடைத்தது. ஏனென்றால் இப்போது வீட்டில் பேசுகிறவர் அவர்தான். காலையில் பல் தேய்த்துவிடும்போது தொடங்கி, கூடத்தில் எந்தக் கிழவரின் கடைவாய்ப் பல் தகராறு செய்தது என்பதுவரை சொல்வார். அவருக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்கே தெரியாது. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவள் காதுக்கு மேலே விரலை வைத்தாள். ரகசியம். வைத்த விரலை எடுக்காமல் அவரையே பார்த்தாள். டாக்டரிடம் போய்விட்டு வந்து இரண்டு நாளாக அவர் அளவுக்கு மீறிக் கலகலப்பாக இருந்தார்.

அவரால் மறைக்க முடியவில்லை. "கால் இதுக்குமேல பெருசா திரும்பாதுன்னு சொல்றார். வண்டி ஓட்டுறது, பிரேக் பிடிக்கிறது... இனிமே கஷ்டம்மா."

அவள் ரகசியத்திலிருந்து விரலை எடுத்தாள். அது அடுத்து எங்கே போகிறது என்று அவர் காத்திருந்தார். நம்பிக்கை என்று ஒட்டியிருந்த இடத்தை அது நெருங்கியது, தாண்டியது. கடைசியில் காதுக்கு முன்னால் வந்து நின்றது.

"பசிக்குதா?" என்றார் நம்ப முடியாமல்.

"கிளட்ச்," என்றாள். ஆமாம் என்று அர்த்தம். அவர் ஓடிப்போய் ரொட்டியை எடுத்து வந்தார், இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். பீங்கான் தலையை முதலில் பார்த்தபோது இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று வீட்டுக்காரர் நெளிந்தார். அவளோ அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு, "இதுக்கு என்னம்மா அர்த்தம்? இதுக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். கண்ணுக்குக் கீழே மொழி என்று இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "இங்க இல்ல, ஆனா பரவாயில்ல, இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "என் பலகைல தண்ணி இருக்கு, வலி இருக்கு. நாத்தனார்கிட்ட கோவப்பட ஒண்ணும் இல்லையே. நல்ல வேளை, உங்க வீட்டுல இது இருந்துச்சு."

வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவள் ஒருத்தி இருந்தாள். செகண்ட் கியர். பயிற்சிப் பள்ளியில் வேறு ஆசிரியரிடம் அவளை மாற்றியிருந்தார்கள். தேர்வு மறுபடி வந்தது. "அன்னிக்கு எப்படி ஓட்டினேன்னே தெரியலக்கா. இப்ப உக்காந்தா மறுபடி செகண்டுக்கு மேல போக மாட்டேங்குது," என்று புலம்பினாள். அன்று பேச்சுப் பயிற்சிப் பெண்ணும் அங்கே இருந்தாள். செகண்ட் கியர் தேர்வுக்கு ஒப்பிப்பதுபோல் காற்றில் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு, "முதல்ல கண்ணாடி பாக்கணும்... கண்ணாடி பாரு... அப்புறம்... ஐயோ, அப்புறம் என்னக்கா?" என்றாள்.

"சிக்னல் போடு," என்றாள் பிரேக்கம்மா.

பிரேக்கம்மாவே யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தாள். பேச்சுப் பயிற்சிப் பெண் மெல்ல, அதே ராகத்தில், "கண்ணாடி பாரு..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"சிக்னல் போடு. கியரை மாத்து. மெல்லத் திருப்பு."

வீட்டுக்காரர் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். "இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றார். சொன்னாள். இன்னொரு வாட்டி சொன்னாள். செகண்ட் கியர் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

பேச்சுப் பயிற்சிப் பெண் விளக்கினாள். யோசித்துப் பேசும் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுப்போல் பழகிப்போனதற்கு வேறு வழி. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது சிலருக்குத் திறந்திருக்கும். அந்த ராகத்துக்குள் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பழகலாம். அப்படியே செய்தார்கள். இடக்கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, கண்ணாடி பாரு என்ற மெட்டிலேயே "தண்ணி கொண்டா, ஃபேனைப் போடு, கதவைச் சாத்து" என்றாள் பிரேக்கம்மா. அந்த வீட்டில் சில மாதங்கள் எல்லோரும் கார் ஓட்டுவதுபோலவே பேசினார்கள். மகள் தொலைபேசியில்கூட "சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டியா" என்று அதே மெட்டில்தான் கேட்டாள்.

செகண்ட் கியர் தேர்வில் ஜெயித்தாள். செய்தி சொல்ல வேனையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பிரேக்கம்மாவுக்கு அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று எப்போதிலிருந்தோ நெஞ்சில் இருந்தது. நன்றி என்ற சொல்லை அதுவரை எந்த மெட்டிலும் பழகவில்லை. பீங்கான் தலையை இழுத்து, விரலால் தேடினாள். முன்னால் போனாள், பின்னால் போனாள், உச்சிக்குப் போனாள். அன்பு இருந்தது, பக்தி இருந்தது, இரக்கம் இருந்தது. அவள் தேடியது இல்லை. இத்தனை குணத்துக்கு மனை போட்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "இரு, ஒரு சீட்டு எழுதி ஒட்டிடறேன். எங்க ஒட்டட்டும்?" என்று தாளைத் தேடினார். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். இடக்கை தொடையில் தட்டத் தொடங்கியது. உதடு கோணியது, நேரானது.

"கண்ணாடி... பாத்தே. சிக்னல்... போட்டே." நின்றாள். மறுபடி தட்டினாள். "உசுரு... குடுத்தே."

செகண்ட் கியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிக்னல் எங்கக்கா போட்டேன்? அன்னிக்கு ஒண்ணையும் போடலியே!" என்றாள். பிரேக்கம்மா இடக்கையால் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்கு மெட்டு தேவைப்படவில்லை.

வருஷம் உருண்டது. பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் போதுமான அளவு திரும்பியது. சொற்கள் ஒவ்வொன்றாக, வரிசையில் நின்று, தாமதமாக வரும். சில சமயம் தவறான ஆள் வந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். பயிற்சி இருக்கையில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். அதற்காக பிரேக்கம்மா அழுத நாட்கள் உண்டு. அப்படியான நாட்களில் செகண்ட் கியர் வேனைக் கொண்டுவந்து அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கிவிடுவாள்.

வீட்டுக்காரர் ஒருநாள் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து மூளைகளை அதில் அடுக்கத் தொடங்கினார். "நீ பட்டது போதும். இதையெல்லாம் பாத்துட்டே இருக்கணுமா? யாராவது ஆசைப்படறவங்களுக்குக் குடுத்துடறேன்."

அவள் வந்து பெட்டியின்மேல் கோலை வைத்தாள். "யாரு... கேட்டா?" என்றாள். கழற்றி மாட்டும் பிளாஸ்டர் மூளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது... என்னுது."

அதை அவள் எதற்குக் கேட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அவளைப்போல் பேச்சு போனவர்களும் அவர்கள் வீட்டாரும் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் கூடுவார்கள். பேச்சுப் பயிற்சிப் பெண்தான் கூட்டினாள். பிரேக்கம்மா அந்த மூளையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு போவாள். புதிதாக வருகிறவர்கள் தங்களுக்கு என்ன ஆனதென்றே புரியாமல், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய் இருப்பார்கள். அவர்கள் கையில் அதைக் கொடுப்பாள்.

அப்படி ஒருமுறை, காய்கறி மண்டியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். நல்ல உயரம், கனத்த குரல். அவருக்கு மிஞ்சியது "ரெண்டு தரம்" மட்டும். பெயரைக் கேட்டால் ரெண்டு தரம். டீ வேண்டுமா என்றால் ரெண்டு தரம். ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும் அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி அவருக்காக எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

பிரேக்கம்மா நாற்காலியை நகர்த்தி அவர் எதிரே உட்கார்ந்தாள். பிளாஸ்டர் மூளையின் இடப்பாதியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். கட்டைவிரலால் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"எனக்கு... இங்க." பிறகு அவரைப் பார்த்தாள். "உங்களுக்கும்... இங்கதான். உள்ள... எல்லாம்... இருக்கு."

அவர் அந்த இடத்தையே பார்த்தார். விரலால் தடவினார். பெரிய கண்கள் கலங்கின. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ரெண்டு தரம்," என்றார்.

"அவர் என்ன சொல்றார்னா..." என்று மனைவி தொடங்கினார். பிரேக்கம்மா அந்த அம்மாளின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரே... சொல்வார்," என்றாள். "நமக்கு... அவசரம்... இல்ல."

ஏலக்காரர் நிமிர்ந்தார். மறுபடி முயன்றார். பிரேக்கம்மாவும் அவர் மனைவியும் பேச்சுப் பயிற்சிப் பெண்ணும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பிரேக்கம்மாவின் வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கி வரப் போனார்.